நடுச் சென்னையில் வாடகை வீடு: மயிலாப்பூரா, திருவல்லிக்கேணியா, தி. நகரா, எழும்பூரா, பாரிமுனையா?

சென்னையில் வேலை உறுதியாகிவிட்டது. தாம்பரம் தாண்டியோ ஆவடி தாண்டியோ வீடு எடுத்தால் வாடகை குறையும். ஆனால் தினமும் போக வர மூன்று மணி நேரம் கரைந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் சரி, ஊருக்கு நடுவிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துத் திணறுவது எந்தப் பகுதி என்பதில்தான். வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே ஏழெட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. குடியிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தனி ஊர்.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு வெகு காலம் முன்பே கோயிலும் குளமுமாக இருந்தவை. பாரிமுனை அந்தக் கோட்டையை ஒட்டி வளர்ந்த வியாபாரப் பட்டணம். எழும்பூர் ரயில், ஆஸ்பத்திரி, மியூசியம் என்று அரசாங்கக் கட்டடங்களைச் சுற்றி வளர்ந்தது. தி. நகர் 1920களில் ஏரியைத் தூர்த்துத் திட்டம் போட்டு உருவாக்கிய குடியிருப்பு. பிறந்த விதத்தில் இருந்த இந்த வேறுபாடு தெருவின் அகலத்திலும், தண்ணீரிலும், வீட்டு ஓனர் கேட்கிற கேள்விகளிலும் இன்றைக்கும் தெரிகிறது.

வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிப்பவர்கள்தான் ஒரு வருடத்தில் மறுபடி டு லெட் பலகை தேடி அலைகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு தெரு எத்தனை மணிக்கு விழிக்கிறது, எப்போது அடங்குகிறது, அது உங்கள் வேலை நேரத்தோடு ஒத்துப்போகிறதா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து எடை போடுவது

தெருவின் நேரம். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவருக்கும், பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிற பெரியவர்களுக்கும் ஒரே தெரு சரிப்படாது.

போக்குவரத்து. நடுச் சென்னையில் மூன்று தடங்கள் ஓடுகின்றன. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் எழும்பூர், மாம்பலம், கிண்டி வழியாகப் போகும். பறக்கும் ரயில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகத் திருவான்மியூர், தரமணி, வேளச்சேரிக்குப் போகும். மூன்றாவது மெட்ரோ. அலுவலகம் எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

தண்ணீரும் மழையும். கோடையில் எத்தனை லாரி வாங்குகிறார்கள், ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஓனரைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார். தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள்.

வீடு கொடுப்பார்களா. சொல்லச் சங்கடமான விஷயம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. என்ன சாப்பிடுவீர்கள், என்ன மதம், சுற்றி வளைத்து என்ன ஜாதி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுத்தான் பல வீடுகளின் கதவு திறக்கிறது. இது அநியாயம். நாலு இடத்தில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு கசந்துபோய்க் கிடைத்ததை எடுப்பதைவிட, எங்கே இந்தக் கேள்வி குறைவு என்று முன்கூட்டித் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத செலவு. மெயின்டனன்ஸ், கார் நிறுத்த மாத வாடகை, தண்ணீர் லாரிப் பங்கு, கரண்ட். கடைசியில் சொன்னதைக் குறிப்பாகக் கவனியுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். ஆனால் ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடுகிற பழைய வீட்டில், ஓனர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிப்பார். அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது.

| பகுதி | வாடகை | ரயில், மெட்ரோ | தெரு அடங்குவது | கனமழையில் | கார் நிறுத்த |
|---|---|---|---|---|---|
| மயிலாப்பூர் | மிக அதிகம் | பறக்கும் ரயில் | இரவு சீக்கிரம். திருவிழா நாள் வேறு | பெரும்பாலும் தாங்கும் | மாட வீதிப் பக்கம் சிரமம் |
| திருவல்லிக்கேணி | நடுத்தரம் | பறக்கும் ரயில். சற்று நடந்தால் மெட்ரோ | நள்ளிரவு வரை நடமாட்டம் | தெருவுக்குத் தெரு மாறும் | ஏறக்குறைய முடியாது |
| தி. நகர் | மிக அதிகம் | மின்சார ரயில் | கடை மூடிய பின் | தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும் | அடுக்ககத்தில் மட்டும் |
| எழும்பூர், புரசைவாக்கம் | நடுத்தரம் முதல் அதிகம் வரை | மின்சார ரயில், மெட்ரோ | ஸ்டேஷன் பக்கம் அடங்காது | சூளைப் பக்கம் கவனம் | ஓரளவு முடியும் |
| பாரிமுனை | குறைவு | எல்லாமே | இரவு எட்டு, ஒன்பதுக்குள் | பழைய வீட்டில் ஒழுகல் | முடியாது |

## மயிலாப்பூர்

காலை நேரத்தை விரும்புகிறவர்களின் ஊர் இது. விடிவதற்கு முன்பே கபாலீசுவரர் கோயில் பக்கம் பூக்கடை திறந்துவிடும், மெஸ்களில் முதல் பந்தி போய்க்கொண்டிருக்கும், நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைப்பயிற்சி ஒரு சுற்று முடிந்திருக்கும். காய்கறி, மருந்து, பாத்திரம், பூஜைச் சாமான், புத்தகம் எல்லாமே நடந்து போகிற தூரம். வயதான அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அவர்கள் யார் துணையும் இல்லாமல் தாங்களாகவே வெளியே போய் வருகிற வசதி நடுச் சென்னையில் இங்கேதான் அதிகம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பாட்டு வகுப்பும் பக்கத்திலேயே.

ராஜீவ்காந்தி சாலை, அதாவது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை என்றால் பறக்கும் ரயில் பெரிய பலம். திருமயிலையில் ஏறித் திருவான்மியூரில் இறங்கினால் டைடல் பூங்கா பக்கம். 2014இல் திறந்த முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் வடக்கு மாட வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கிட்டம்.

பங்குனித் திருவிழா நடக்கும் பத்து நாளும் மாட வீதிகள் உங்களுடையவை அல்ல, ஊருடையவை. அறுபத்துமூவர் அன்றைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். அன்றைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராயப்பேட்டை நெடுஞ்சாலை வரை நடந்துதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலுப் பொம்மைக் கடை. மார்கழியில் விடியற்காலை பஜனை. இதெல்லாம் வேண்டும் என்றே இங்கே வருகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். தூக்கம் கெடுகிறது என்பவர்கள் மந்தைவெளி, அபிராமபுரம் பக்கம் தள்ளிப் பார்க்கலாம். வாடகை பெரிதாகக் குறையாது, அமைதி கூடும்.

இன்னொன்று மெட்ரோ. இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. அந்த வேலைக்காக லஸ், கச்சேரி சாலைப் பக்கங்களில் போக்குவரத்தை மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். முடிந்த பிறகு ஊருக்கே அது பெரிய வசதி. முடியும் வரை தூசியும் சுற்றுவழியும்தான். ஓனர்களோ அந்த வசதியை இப்போதே வாடகையில் சேர்த்துக் கேட்கிறார்கள். பேரம் பேசும்போது வாசலில் நிற்கும் தடுப்பைக் காட்டுங்கள்.

"சைவம் மட்டும்" என்ற நிபந்தனை இங்கே மிகச் சாதாரணம். மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்றால் மாட வீதியை விட்டுச் சாந்தோம் பக்கம் தேடுங்கள். கடலோரக் குப்பங்களும் பக்கம், கேள்வியும் குறைவு.

## திருவல்லிக்கேணி

கிழக்கே பார்த்தசாரதி கோயிலும் குளமும். மேற்கே நெடுஞ்சாலையில் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல். நடுவில் மேன்ஷன்கள். ஓரத்தில் பல்கலைக்கழகமும் சேப்பாக்கம் மைதானமும் மெரினாவும். இத்தனை விதமான மனிதர்கள் இவ்வளவு சின்ன இடத்தில் சேர்ந்து வாழ்கிற பகுதி சென்னையில் வேறு கிடையாது. வைகுண்ட ஏகாதசிக்குக் கோயில் தெருக்கள் விடிய விடிய விழித்திருக்கும். ரம்ஜான் மாதத்தில் நெடுஞ்சாலைப் பக்கம் அதே மாதிரி. பாரதியார் கடைசிக் காலத்தில் குடியிருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. அதற்கு இரண்டு தெரு தள்ளி நீங்கள் ஒரு போர்ஷனில் குடியிருக்கலாம், நடுத்தர வாடகையில்.

தனி ஆளாக வேலை தேடி வருகிறவர்களுக்குச் சென்னையில் முதல் முகவரி கொடுத்தது இந்த ஊர் மேன்ஷன்கள்தான். ஒரு கட்டில், ஒரு அலமாரி, பொதுக் குளியலறை, மாத வாடகை. பெரிய அட்வான்ஸ் இல்லை, கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்வி இல்லை, காலி செய்யவும் எளிது. இறங்கினால் கால் வைக்கிற இடமெல்லாம் சாப்பாடு: ரத்னா கஃபே சாம்பார் இட்லியிலிருந்து நெடுஞ்சாலை பிரியாணிக் கடை வரை, ஒவ்வொரு பர்ஸுக்கும் ஒரு கடை. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம், எல்லிஸ் சாலையில் கேமரா, ஜாம்பஜாரில் காய்கறி. முதல் ஆறு மாதத்துக்கு மேன்ஷன், வேலை நிலைத்த பிறகு வீடு என்பது இன்றைக்கும் நல்ல திட்டம்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் வீட்டை உள்ளே போய் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. தெருவில் ஒரு திண்ணை, இருட்டான நடை, நடுவில் முற்றம், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறு. இதை மூன்று நான்கு குடித்தனமாகப் பிரித்திருப்பார்கள். நடையில் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு அடிபம்பு நிற்கும். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், காலையில் கொஞ்ச நேரம் வரும். அழுத்தம் போதாமல் அதை அடித்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் நாலைந்து அடிக்குக் காற்றுதான் இருமும், பிறகு கலங்கல், அப்புறம் தெளிந்த தண்ணீர். குடங்கள் வரிசையில் நிற்கும், வரிசைக்கு ஒரு முறை உண்டு, அதை மீறினால் சண்டை உண்டு. இருவரும் வேலைக்குப் போகிற தம்பதிக்கு இந்த அரை மணி நேரம் ஒரு நிஜமான செலவு. வீடு பார்க்கும்போது பம்பை அடித்துப் பாருங்கள், எத்தனை குடித்தனம் பங்கு போடுகிறார்கள் என்று கேளுங்கள். கடல் பக்கம் என்பதால் போர் தண்ணீரை வாயில் விட்டே பார்த்துவிடலாம். கரிப்பு உடனே தெரியும்.

கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். ஸ்கூட்டரையே நடையில் ஏற்றி நிறுத்துகிற ஊர். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் என்றால் வாலாஜா சாலைப் பக்கம் மாலையில் வீடு திரும்புவதே பெரும்பாடு.

உணவு, மதம் பற்றிய கேள்விகள் கோயில் தெருக்களில் இருக்கின்றன. நெடுஞ்சாலைக்கு மேற்கே, ராயப்பேட்டை எல்லை வரை, நன்றாகக் குறைந்துவிடுகின்றன.

## தி. நகர் (மேற்கு மாம்பலமும் சேர்த்து)

ஷாப்பிங் செய்ய வருகிறவருக்குத் தெரிந்த தி. நகர் வேறு, குடியிருப்பவரின் தி. நகர் வேறு. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் உருவான ஊர், பி. தியாகராயச் செட்டியார் பெயர். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகளை அகலமாக இழுத்து, மரம் வைத்துத் திட்டமிட்டார்கள். வெங்கட்நாராயணா சாலை, பசுல்லா சாலைப் பக்க உள்தெருக்களில் அந்தத் திட்டத்தின் நிழல் இன்னும் இருக்கிறது. ரங்கநாதன் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் இவ்வளவு அமைதியா என்று முதல் முறை வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் முக்கியம். உஸ்மான் சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட சந்துகளில் வீடு எடுத்தால், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உங்கள் வீட்டுக்கு நீங்களே கூட்டத்தில் நீந்தித்தான் வர வேண்டும். போலீஸ் சாலைகளை மூடிவிடும், ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் வருவதும் கடினம். கர்ப்பிணியோ நோயாளியோ வீட்டில் இருந்தால் அந்தச் சந்துகள் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மழைக்காலம் அடுத்த எச்சரிக்கை. இந்த ஊர் நிற்பது பழைய நெடும் ஏரியின் படுகையில். 2021 நவம்பர் மழையில் ஜி.என். செட்டி சாலை உட்பட இங்குள்ள பல சாலைகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அதன் பிறகு வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன. இருந்தாலும் தரைத்தள வீடு என்றால் சுவரில் பழைய ஈரக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி ஆதாயம் உண்டு. தி. நகரின் ரயில் நிலையமான மாம்பலத்தில் தெற்கே போகிற பல எக்ஸ்பிரஸ்கள் நிற்கும். தெற்கே போகும் வெளியூர்ப் பஸ்கள் 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டதால், மின்சார ரயிலில் ஏறி அதன் பக்கத்திலுள்ள வண்டலூர் வரை போகிற வசதி முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது. 2023இல் திறந்த ஆகாய நடைபாதை ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கிறது; ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்காமலே போகலாம்.

பட்ஜெட் இடித்தால் தண்டவாளத்துக்கு மேற்கே பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் வாடகை குறையும், மெஸ்ஸும் காய்கறிக் கடையும் மலிவு, அயோத்தியா மண்டபத்தைச் சுற்றி ஒரு குட்டி மயிலாப்பூரே இருக்கிறது. "சைவம் மட்டும்" நிபந்தனையும் கூடவே வரும். கொசுவலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

## எழும்பூர், புரசைவாக்கம்

அடையாளம் குறைவான பகுதி என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தமிழ், தெலுங்கு, இந்தி, உருது பேசுகிறவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், வேப்பேரியின் ஜைனக் குடும்பங்கள் என்று எல்லாரும் இருப்பதால், நீங்கள் யார் என்ற விசாரணை இங்கே குறைவு. புதிதாக வருகிறவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நாலு இடத்தில் கதவு மூடப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மின்சார ரயில், மெட்ரோ, தென்னகத்து எக்ஸ்பிரஸ் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது எழும்பூரில். 1908இல் திறந்த அந்த நிலையத்தில் இப்போது சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட்டில் புறப்படும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை, கண் மருத்துவமனை மூன்றும் அரசு மருத்துவமனைகள், மூன்றும் பக்கத்தில். கைக்குழந்தையோடு இருக்கிற நடுத்தரக் குடும்பத்துக்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் நடக்கிற தூரம்.

ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் சாலை, கென்னட் சந்துப் பக்கம் லாட்ஜ்கள் நிறைந்தவை. இரவு முழுக்க ஆட்டோவும் பெட்டியும்தான், குடும்பத்துக்கு ஏற்றதல்ல. புரசைவாக்கம் பக்கம் போனால் துணிக்கடை, நகைக்கடை, மார்க்கெட் எல்லாம் தி. நகர் நெரிசல் இல்லாமல் கிடைக்கும். சூளை, பட்டாளம் நோக்கி இறங்க இறங்க வாடகை குறையும், மழைத் தண்ணீர் கூடும்.

## பாரிமுனை, மண்ணடி, சௌகார்பேட்டை

இந்தப் பகுதிக்கு 1911 முதல் ஜார்ஜ் டவுன் என்று பெயர். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு: கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி. காலை பத்து மணிக்கு மேல் கைவண்டியும் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியும் மனிதர்களும் தெருவை நிறைத்துவிடுவார்கள். இரவு எட்டு, ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கியதும் அதே தெரு வெறிச்சோடும். ஞாயிற்றுக்கிழமை தம்பு செட்டித் தெருவில் நடந்தால் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவிலும் ஞாயிறிலும் மட்டும் வீட்டில் இருப்பவருக்கு இந்த நேரக்கணக்கு அருமையாகப் பொருந்தும். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு அடியோடு பொருந்தாது.

மெட்ரோவில் மண்ணடி, உயர் நீதிமன்ற நிலையங்கள். கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயிலும் பறக்கும் ரயிலும் புறப்படும் இடத்திலேயே ஏறலாம், உட்கார இடம் கிடைக்கும். வாடகையும் இந்த ஐந்தில் குறைவு. வக்கீல்களுக்கும், மொத்த வியாபாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் ஏன் எல்லாரும் இங்கே வருவதில்லை? வீடுகள்தான் காரணம். பல வீடுகளில் கீழ்த்தளம் கிடங்கு, மேலே குடித்தனம். தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை மழையில் ஒழுகும், ஓனர் "கட்டடத்தை இடிக்கப் போகிறோம், எதற்குச் செலவு" என்பார். மாடிப்படி ஒற்றை ஆள் ஏறுகிற அகலம். கீழே என்ன சரக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் இங்கே வீடு எடுக்கவே கூடாது. பஞ்சோ பிளாஸ்டிக்கோ ரசாயனமோ என்றால், பழைய ஒயரிங்குக்கு மேலே குழந்தைகளோடு தூங்குவதை எந்த வாடகைக் குறைவும் ஈடுகட்டாது.

சௌகார்பேட்டையில் பெரும்பாலும் தங்கள் சமூகத்துக்குள்ளேயே வாடகைக்கு விடுவார்கள், அதிலும் சைவம். மண்ணடியில் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். அந்த ஊர்க்காரர்களுக்கு உறவும் உதவியும் தெருவிலேயே கிடைக்கும்.

## இரண்டில் ஒன்று என்று வந்து நின்றால்

மயிலாப்பூருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவே யோசிக்கிறவர்கள் அலுவலகத்தின் ரயில் தடத்தைப் பார்த்தால் போதும். தரமணிப் பக்கம் என்றால் மயிலாப்பூர். கிண்டி, தாம்பரம் பக்கம் என்றால் மாம்பலம்.

திருவல்லிக்கேணியா எழும்பூரா என்றால், தனி ஆளுக்குத் திருவல்லிக்கேணி, குழந்தை பிறந்துவிட்டால் எழும்பூர். தி. நகரா புரசைவாக்கமா என்றால் நான் புரசைவாக்கத்துக்கே ஓட்டுப் போடுவேன். அதே பணத்தில் ஒரு அறை கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். பாரிமுனையை வேலை அங்கேயே இருப்பவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்கிறேன்.

பிடித்த தெருவை வேலை நாள் காலை ஆறு மணிக்கும், மாலை ஏழு மணிக்கும், ஞாயிறு மதியமும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. நடைமுறையில் ஐந்து, ஆறு, பழைய ஓனர்கள் பத்து மாதம் வரை கேட்பார்கள். காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான தகராறு அந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகிறது.